தம்பியின் தாடை கோணலாகப் பொருந்திவிட்டது, 11 கிழமை ஆகிறது. இனி ஏதும் செய்யலாமா?

ஆரையம்பதி அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். சுருக்கினால் முக்கியமான எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தம்பிக்கு 24 வயது, வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். வைகாசிச் சடங்கில் செட்டிபாளையம் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடிய இரவு மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்தான். கிரான்குளத்தில் றோட்டின் நடுவில் மாடு படுத்திருந்திருக்கிறது. கறுத்த மாடு, லைட்டும் இல்லாத இடம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஹெல்மட் போட்டிருந்தான், ஆனால் நாடியை மூடாத ஹெல்மட். நாடி அடிபடத்தான் விழுந்திருக்கிறான்.

மூளையில் சின்னதாக இரத்தக் கசிவு என்றார்கள். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அந்த ஆறு நாளும் அவன் முகத்தைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் கவலை இல்லை. முகம் பலாப்பழம் போல வீங்கிக் கிடந்தது, கண் திறக்கவில்லை, இடது காதில் இரத்தம் காய்ந்திருந்தது. உயிர் கிடைத்தால் போதும் என்று அம்மா மாமாங்கேஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு வாசலிலேயே இருந்தா. தலையைத்தான் ஸ்கான் எடுத்தார்கள், தலையைத்தான் பார்த்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

ஒன்பதாம் நாள் கொஞ்சம் தெளிவாகக் கதைத்தான். முதலில் சொன்னதே இதுதான்: "அக்கா, என்ட பல்லு ஒண்டோட ஒண்டு சேருதில்ல."

வாட்டில் சொன்னேன். வீக்கம் வற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது பல் பகுதிக்கு ஒரு கடிதம் தந்து, அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அந்தக் கிளினிக்குக்கு நாங்கள் போகவில்லை. இதை எழுதத்தான் கை நடுங்குகிறது. வீட்டுக்கு வந்த அடுத்த நாள் பெரியப்பா முறிவு நெரிவு பார்க்கும் ஒருவரைக் கூட்டி வந்தார். எண்ணெய் போட்டு, இலை அரைத்துப் பத்துப் போட்டு, நாடியில் இருந்து உச்சந்தலைக்குச் சீலையால் இறுக்கிக் கட்டினார். 21 நாள் அவிழ்க்கக் கூடாது, கத்தி வைக்க விடாதீர்கள் என்றார். போன வருடம் பெரியப்பாவின் மணிக்கட்டை அவர்தான் நேராக்கினார். நம்பினோம். கடிதம் கண்ணாடி மேசைக்குள் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

ஐந்தாம் கிழமை கட்டை அவிழ்த்ததும் ஓடினோம். அங்கிருந்த டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டது, இனி உடைத்துத்தான் வைக்க வேண்டும், ஏன் அப்போதே வரவில்லை?" என்று கேட்டார். உடைப்பது என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அழுதுகொண்டு தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டா.

இப்போது 11 கிழமை. நாடி இடது பக்கம் இழுத்திருக்கிறது. வாயைத் திறக்கும்போது இன்னும் இடது பக்கம் போகிறது. கடித்தால் இடது கடைவாய்ப் பல் மட்டும் முட்டுகிறது, வலது பக்கம் முழுக்க இடைவெளி. கீழுதட்டின் வலது பாதி மரத்துப் போயிருக்கிறது, தேநீர் வழிந்தால் தெரிவதில்லை. சோற்றை அம்மா குழைத்துத்தான் கொடுக்கிறா. மாஸ்க் போடாமல் வேலைக்குப் போகமாட்டான். போன கிழமை கூட்டாளியின் கலியாணத்தில் படம் எடுக்கக் கூப்பிட்டபோது மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறான்.

காலம் தப்பிவிட்டதா? உடைப்பது என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? இப்படி அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதென்றாலும் திட்டுங்கள், ஆனால் வழி சொல்லுங்கள்.

கடைவாய்:

தங்கச்சி, திட்ட ஒன்றும் இல்லை. நான் அம்பாறை மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையில் பல் வைத்தியர். தாடை முறிவைச் சத்திரசிகிச்சை செய்கிறவன் நான் இல்லை, அதற்கென்று வாய் முக சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் இப்படிப் பிந்தி வருகிறவர்களை அவர்களிடம் அனுப்புகிறவன் நான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கும் போல. நாடி அடிபட விழுந்தால் அடி அங்கேயே நிற்பதில்லை. கீழ்த்தாடை ஒரு லாடம் போன்ற எலும்பு, முனைகள் இரண்டும் காதுக்கு முன்னால் மூட்டில் இருக்கின்றன. முன்னால் அடித்தால் ஒரு பக்கம் நாடிக்கு அருகிலும், மறுபக்கம் மூட்டுக் கழுத்திலும் முறிவது அடிக்கடி காண்கிற விசயம். இடது மூட்டு முறிந்து உயரம் குறைந்தால் நாடி இடது பக்கம் போகும், இடது கடைவாய் முதலில் முட்டும், வலது பக்கம் திறந்து நிற்கும். தம்பிக்கு அப்படியேதான் இருக்கிறது. காதில் இரத்தம் வந்ததும் அதோடு பொருந்துகிறது. உதடு மரத்தது, வலது பக்க எலும்புக்குள் ஓடும் நரம்பு முறிவில் சிக்கியதால். நேரில் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் படம் ஓரளவு தெளிவாக இருக்கிறது.

தலையை ஸ்கான் எடுத்தும் தாடை ஏன் தெரியவில்லை என்று பலர் கேட்பார்கள். மூளைக்கு எடுக்கும் ஸ்கான் பெரும்பாலும் கீழ்த்தாடை வரைக்கும் இறங்காது. அதற்கு வாயைச் சுற்றி எடுக்கும் ஓ.பி.ஜி எக்ஸ்ரே வேண்டும், அல்லது முகத்துக்கென்று தனியாக சி.டி. வேண்டும். மூளையில் கசிவு இருக்கும்போது தாடையைத் தள்ளிப்போடுவது பிழை இல்லை, உயிர்தான் முதலில். ஆனால் யாராவது ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "தம்பி, கடிச்சுப் பாருங்க, முந்தி மாதிரி சேருதா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு மயிர் அகலம் மாறினாலும் பல்லுக்குத் தெரியும். உங்கள் தம்பி கேட்காமலேயே சொல்லியிருக்கிறான். என்னைக் கேட்டால், அவனுடைய முழுக் கதையிலும் மிகப் பெறுமதியான பரிசோதனை அந்த வசனம்தான்.

காலத்தைப் பற்றி. முறிந்த முதல் சில நாட்களில், பிந்தினாலும் இரண்டு கிழமைக்குள், துண்டுகளைக் கையாலேயே அசைத்து இருந்த இடத்துக்குக் கொண்டுவரலாம். பல் சரியாகச் சேர்கிறதா என்று பார்த்து, மேல் தாடையோடு கீழ்த்தாடையைக் கம்பியால் கட்டி, தேவையான இடத்தில் டைட்டேனியம் தகடு வைத்துச் சின்ன ஆணியால் இறுக்குவார்கள். இந்தச் சின்னத் தகடுகள் 1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஷாம்பி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கணக்குப் போட்டு நிலைநிறுத்திய முறை. அதற்கு முந்தி பெரும்பாலும் கம்பிக் கட்டுத்தான், நான்கு முதல் ஆறு கிழமை வாய் பூட்டு. இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு முறிவுக்குள் புது எலும்பு வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். எலும்புக்கு நேர் எது கோணல் எது என்று தெரியாது, கிடந்த இடத்திலேயே பொருந்திவிடும். தசையும் அந்த நீளத்துக்குச் சுருங்கிப் பழகிவிடும். பிறகு பொருந்திய இடத்தைத் திரும்ப வெட்டித்தான் சரியாக்க வேண்டும்.

சீலைக் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரை நான் இழிவாகச் சொல்ல மாட்டேன், என் அம்மம்மாவும் அவர்களிடம்தான் போவா. ஆனால் கை முறிந்து இரண்டு பாகை திரும்பினால் கை வேலை செய்யும். தாடையில் அப்படி இல்லை. நாடியில் இருந்து இறுக்கிக் கட்டினால் முறிந்த துண்டு பின்னுக்குத் தள்ளுப்படும், சில பேருக்கு மூச்சுக்கும் இடைஞ்சல்.

காலம் தப்பிவிட்டதா என்று கேட்டீர்கள். இலேசான வழியின் காலம் தப்பிவிட்டது. கஷ்டமான வழி திறந்தே இருக்கிறது. கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்கிற விதம், கொஞ்சம்தான் மாறியிருந்தால் பல்லுக்குக் கம்பி போட்டோ, முட்டும் இடத்தைத் தேய்த்தோ சரியாக்குவார்கள். தம்பிக்கு அதற்கு மேல் தேவைப்படும் என்று நினைக்கிறேன். மூட்டில் சிலவேளை கையே வைக்காமல், வேறு இடத்தில் எலும்பை வெட்டிக் கடியைச் சேர்ப்பார்கள். எதை இப்போது செய்வது, எதைச் சில மாதம் ஆறவிட்டுச் செய்வது என்பது அவர்கள் முடிவு.

மாவட்டப் பெரிய அரச வைத்தியசாலையில் ஓ.எம்.எஃப் (வாய் முக சத்திரசிகிச்சை) கிளினிக் எந்த நாள் என்று கேட்டு, அந்தப் பழைய கடிதத்தோடு போங்கள். அங்கே வசதி போதாவிட்டால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அவர்களே எழுதித் தருவார்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. தகடு கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியில் வாங்கச் சொல்லக்கூடும், அதற்குக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள். தம்பி சிகரெட், வெற்றிலை ஏதும் என்றால் இன்றைக்கே விடச் சொல்லுங்கள், புண் ஆறாது. பிறகு, விபத்துக்கு முந்தி எடுத்த படங்களில் பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று தேடி வையுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.

கொக்கட்டிச்சோலைப் பெரியவர்:

மகள், நான் படுவான்கரை, வாவிக்கு மேற்குக் கரை. 1990ல் உழவு மெஷின் பெட்டியில் இருந்து விழுந்து தாடை உடைந்தது. ஆனி மாதம், சண்டை திரும்பத் தொடங்கிய நேரம். துறை கடந்து பட்டினத்துக்குப் போக ஏலாது. கோணலாகவே பொருந்திவிட்டது.

34 வருடத்துக்கு மேலாக ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறேன். முட்டுகிற பக்கத்துப் பல் எல்லாம் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டது, இப்போது மற்றப் பக்கமும் சேராது. காலையில் எழும்பினால் காதுக்குள் குத்து. கச்சான் என்றால் எனக்கு உயிர், கடைசியாக எப்போது கடித்தேன் என்று நினைவில்லை. பிறகு சமாதானமான காலத்தில் போயிருக்கலாம், வயது போய்விட்டது என்று விட்டேன். அப்போது எனக்கு வயது 44 தான். இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது, தோணிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தம்பிலுவில் ரீச்சர்:

அக்கா என்று கூப்பிடவா தங்கச்சி என்று கூப்பிடவா தெரியவில்லை, தங்கச்சி என்றே எழுதுகிறேன். "உடைப்பது" என்ற சொல்லுக்குள் போய் வந்தவள் நான். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

2021 ஆகஸ்ட் 20 இரவு நாடு முழுக்க மூடினார்களே, அதற்கு நான்கு நாள் கழித்து நான் ஸ்கூட்டியில் இருந்து விழுந்தேன். திருக்கோவில் றோட்டில் காற்றுக்குக் கடல் மணல் ஏறிக் கிடக்கும், அதில் சறுக்கியது. நாடி கிழிந்து ஐந்து தையல். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கொரோனா நேரம், வாட்டெல்லாம் நிரம்பி வழிந்தது, அவசரமில்லாத சத்திரசிகிச்சை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒக்டோபரில் நாட்டைத் திறந்தபோது எனக்கு ஆறாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. இரண்டு காதுப் பக்கமும் மூட்டுக் கழுத்து முறிந்து பொருந்தியிருந்தது. கடைவாய் இரண்டு பக்கமும் முட்டும், முன்பல் சேராது. நடுவில் சின்ன விரல் போகும்.

நான் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு சொல்வதெழுதலில் "சந்தை" என்று சொன்னேன். கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தால் அரைவாசிப் பிள்ளைகள் "தந்தை" என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் மேல் பிழை இல்லை, என் வாயில் இருந்து அதுதான் வந்திருக்கிறது. அந்தக் கொப்பிகளுக்குச் சிவப்புப் பேனாவால் கோடு போட எனக்கு மனம் வரவில்லை. அன்று பின்னேரம்தான் சத்திரசிகிச்சைக்குப் போவதென்று முடிவெடுத்தேன்.

கண்டிப் பக்கம் போனேன். போன முதல் நாளே வெட்டுவார்கள் என்று நினைத்தேன், அப்படி இல்லை. முதலில் இளஞ்சிவப்பு மாவு ஒன்றைக் குழைத்துத் தட்டில் போட்டு மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் அச்சு எடுத்தார்கள். அதில் சாந்து வார்த்து என் பல்லை அப்படியே வெள்ளையாகச் செய்துவிட்டார்கள். அடுத்த தடவை போனபோது டொக்டர் அந்தச் சாந்துப் பற்களைக் கையில் எடுத்து, மேலையும் கீழையும் இங்கே அங்கே நகர்த்தினார். ஒரு இடத்தில் "டக்" என்று உட்கார்ந்தது. பிறகு ஆட்டினாலும் ஆடவில்லை. "இதுதான் ரீச்சர் உங்கட பழைய கடி" என்றார். 30 வருடம் சோறு மென்று தேய்ந்த அடையாளம் ஒவ்வொரு பல்லிலும் இருக்குமாம், மேல் பல்லின் தேய்மானத்துக்குள் கீழ்ப் பல்லின் மேடு பூட்டுக்குள் திறப்புப் போல விழும். தாடைக்கு மறந்தாலும் பல்லுக்கு மறக்கவில்லை. எனக்கு அந்த அறைக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது. அந்த நிலையில் வைத்து, பல்லுக்கு நடுவில் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டொன்று செய்தார்கள். வெட்டிய பிறகு தாடை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அந்தத் தட்டுத்தான் சொல்லும்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், உடைப்பது என்றால் அடித்து உடைப்பது இல்லை. முழு மயக்கத்தில், மூக்கால் குழாய் விட்டு, வாய்க்கு உள்ளாலேயே கிழித்து, மெல்லிய வாளால் கோடு போட்ட இடத்தில் வெட்டுவது. எனக்கு மூட்டைத் தொடவில்லை. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் எலும்பை நீளவாக்கில் பிளந்து, முன்பகுதியை நகர்த்தித் தட்டுக்குள் இருத்தி, டைட்டேனியத் தகட்டால் பூட்டினார்கள். முகத்தில் வெளியே ஒரு கீறல் இல்லை. இருக்கிற தழும்பு அந்த ஐந்து தையல் மட்டும்.

நோவு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிட வீக்கம். மூன்றாம் நாள்தான் மோசம், பிறகு இறங்கியது. எனக்கு இரண்டு கிழமை வாயைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பிறகு அதைக் கழற்றிச் சின்ன றப்பர் போட்டார்கள்.

துண்டு வெட்டும்போது தாதி மிஸ்ஸி ஒரு சின்னக் குறட்டைத் தந்து, "இது எப்பவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், சத்தி வந்து மூச்சு அடைத்தால் மேலையும் கீழையும் இணைக்கும் கம்பியை மட்டும் வெட்டுங்கள்" என்று என் அவருக்குக் காட்டிக் கொடுத்தா. அவர் அதை நூலில் கட்டி என் கழுத்தில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு என்று சொல்கிற றோட்டு இருக்கிறதே, வேனில் அதில் இறங்கும்போது எனக்கு எப்போதும் சத்தி வரும். குமட்டலுக்குத் தந்த குளிசையைக் கரைத்துக் குடித்து, முன் சீட்டில் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குறட்டை உள்ளங்கையில் பிடித்தபடி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லா வளைவும் முடிந்து கீழே வந்ததும் அவர் வேனை நிறுத்திவிட்டு இறங்கி நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சத்தி வரவில்லை.

சாப்பாடு: கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கும், அதற்குள்ளால் ஊசி போடாத பெரிய சிரிஞ்சில் சின்னக் குழாய் மாட்டிக் கொடுக்கலாம். குரக்கன் கூழ், அரைத்து வடித்த பருப்பு, மீன் சொதி வடித்தது, எருமைத் தயிரை மோராக்கி. மாமி எல்லாவற்றையும் பழைய பருத்திச் சீலையில் வடிப்பா, ஒரு கறிவேப்பிலைத் துண்டு வந்தாலும் அடைத்துவிடும். ஏழு கிலோ குறைந்தேன். குழந்தைப் பிள்ளைகளின் பல் தூரிகையால் கம்பிக்கு வெளியே தேய்த்து, உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு. கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் மெழுகு தருவார்கள், அமத்தி வைத்தால் சரி.

கீழுதடு இரண்டு பக்கமும் மரத்திருந்தது. எறும்பு ஊர்வது போலத் தொடங்கித் திரும்பி வர ஏழு மாதம் எடுத்தது. நாடியின் இடது பக்கத்தில் ஒரு ரூபாய்க் குத்தி அளவு இன்னும் உணர்வு இல்லை. அதையும் முன்கூட்டியே சொல்லித்தான் கையொப்பம் வாங்கினார்கள்.

அடுத்த தவணையில் திரும்பவும் "சந்தை" கொடுத்தேன். எல்லோரும் சரியாக எழுதினார்கள்.

ஆரையம்பதி அக்கா:

ரீச்சர், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. பிறகு "அந்தப் புள்ளைக்கு வெளியில கீறல் இல்லையாமா?" என்று கேட்டா. தம்பி அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இரவு என் போனை வாங்கித் தானே வாசித்தான். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறோம். கடைவாய் அண்ணன், அந்தக் கடிதம் கண்ணாடி மேசைக்குள் அப்படியே இருக்கிறது.

ஓட்டமாவடி உம்மா:

இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டாருக்காக எழுதுகிறேன், ராத்தா கோபிக்க வேண்டாம்.

என் மகனுக்கு ஆறு வயது. வாப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து விழுந்து நாடி வெடித்தது. மூன்று தையல், கதை முடிந்தது என்று இருந்தோம். ஒரு மாதத்தில் பார்த்தால் கறிக்கோழித் துண்டு வாய்க்குள் போகாது. கொட்டாவி விட்டால் அழுவான். பல் டொக்டர் மகனின் விரலையே வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று விரல் போக வேண்டிய வாய்க்குள் ஒன்றுதான் போகிறது என்றார். காதுக்கு முன்னால் மூட்டு முறிந்து, அசைக்காமல் விட்டதால் இறுகத் தொடங்கியிருந்தது. நோவுக்குப் பயந்து நானும் அவனைக் கதைக்க வைக்காமல், கஞ்சியே கொடுத்து வைத்திருந்தேன். பெரியவர்களுக்கு மாதிரிச் சின்னப் பிள்ளைகளுக்கு வாயைக் கட்டி வைத்திருக்கக் கூடாதாம், மூட்டு எலும்போடு எலும்பாகச் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கத் தாடை வளராது, நாடி உள்ளுக்குப் போய்விடும், பிறகு ஒப்பரேசனுக்கு மயக்கம் கொடுப்பதே பெரிய பாடு என்று விளங்கப்படுத்தினார்.

ஐஸ்கிறீம் குச்சியை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துத் திறக்கப் பழக்கச் சொன்னார். முதல் நாள் ஏழு குச்சி. ஒரு நாளைக்கு ஐந்து தரம், பாங்கு சொன்னால் குச்சி என்று வைத்துக்கொண்டோம், அதனால் மறக்கவில்லை. சில நாள் அழுது குச்சியை வீசுவான், வாப்பா தன் வாய்க்குள்ளும் அடுக்கி அவனோடு போட்டி போடுவார். நான்கு மாதத்தில் பதினேழு குச்சி. இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் தாடை வளர்ச்சியை அளக்கக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

நாடியில் தையல் போட்ட பிள்ளை என்றால் கையோடு காதுக்கு முன்னால் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பார்க்கிறார்கள்.

கடைவாய்:

உம்மா சொன்னது முழுக்கச் சரி. நாடி வெடித்து வருகிற பிள்ளைகளுக்கு நான் தையலுக்கு முந்தியே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன், நாடி ஒரு பக்கம் இழுத்தால் உடனே அனுப்பிவிடுவேன். ஒன்று மட்டும்: குச்சிப் பயிற்சியைப் படம் எடுத்துப் பார்க்காமல் வீட்டில் தாங்களாகத் தொடங்க வேண்டாம். அவருடைய மகனுக்குப் பொருந்தியது உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆரையம்பதி அக்கா:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

ஓ.பி.ஜி, முகத்துக்கு சி.டி. இரண்டும் எடுத்தாயிற்று. கடைவாய் அண்ணன் சொன்னது போலவேதான், நாடிக்கு வலது பக்கமும் இடது மூட்டுக் கழுத்தும். வலது பக்கம் ஒரு துண்டின் மேல் மற்றத் துண்டு ஏறிப் பொருந்தியிருக்கிறது. நிபுணர் நீலக் கடதாசி ஒன்றைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் இரண்டு பல்லில் மட்டும் நீலம், இடது பக்கக் கடைசியில். மற்றதெல்லாம் வெள்ளை. அதைத் தம்பிக்குக் கண்ணாடியில் காட்டினார். இரண்டு மாதமாக அவன் சொன்னதை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன்.

வலது பக்கத்தைப் பழைய முறிவுக் கோட்டிலேயே வெட்டி வைப்பார்களாம். மூட்டை இப்போது தொடமாட்டார்கள், வெட்டிய பிறகு றப்பரும் பயிற்சியும், ஆறு மாதம் கழித்துத் தேவையென்றால் அதைப் பார்ப்பது. நாடி முழுக்க நடுவுக்கு வராமல் போகலாம், சோறு மெல்ல வரும் என்று நேராகச் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் அம்மா கையொப்பம் போடச் சம்மதித்தா. ஏன் பிந்தினீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நான்தான் சொன்னேன், முறிவு வைத்தியரிடம் போனதையும் கடிதத்தையும். கேட்டுவிட்டு, "சரி, இப்ப வந்திட்டீங்கதானே" என்று சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அச்சு எடுத்தாயிற்று. பழைய படம் கேட்டார்கள். தம்பியின் போனில் பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றுதான் தெளிவாக இருந்தது. குளிர்த்தி அன்று பின்னேரம், கோயில் வாசலில் கூட்டாளிகளோடு எடுத்தது.

வருகிற புதன்கிழமை வாட்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். சிகரெட்டை விட்டு 19 நாள். ரீச்சர், அந்தக் குறட்டை மிஸ்ஸிதான் தருவாவா, நாங்கள் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? அம்மா குரக்கன் வறுத்து அரைத்து வைத்துவிட்டா, வடிக்கப் பழைய பருத்திச் சீலையும் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறா.

தம்பிலுவில் ரீச்சர்:

அங்கேயே தருவார்கள். தராவிட்டால் துண்டு வெட்டுவதற்கு முந்தி கேட்டு வாங்குங்கள். சீலையை ஒரு தரம் கொதிதண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள் அம்மாவிடம். புதன்கிழமை நினைத்துக்கொள்வேன்.